வெயில் பலகையும் கூழ் வற்றலும்

போன மாதம் எங்கள் வில்லாபுரம் தெருவில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீடு வீடாகத் துணிப்பை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வெயிலில் அலைந்து களைத்திருந்தார்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அதில் ஒரு பெண் பேச்சுவாக்கில், "நீங்க என்ன வேலை பாத்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். பிளாஸ்டிக் சாக்குக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "இப்ப நினைச்சா வருத்தமா இல்லையா?" என்றாள்.

"எதுக்குத்தா வருத்தம்? கொலையா பண்ணேன்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் அப்படி. பாவம், பாதித் தண்ணீரோடு டம்ளரை வைத்துவிட்டு அந்தப் பிள்ளை எழுந்துகொண்டது. அவர்கள் போன பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கம்பெனியில் இப்போது சோதனை அறையில் இருக்கும் பெண்களும் "அக்கா, அந்த வத்தல் கதையை எழுதிக் குடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. டீக்கடையில் குடித்துவிட்டு வீசுகிற கப்பும் நாங்கள் செய்த சாக்கும் ஒன்றல்ல. எங்கள் சாக்கு பாலிபுரோப்பிலீன், உழைக்கிற பிளாஸ்டிக். ரேஷன் அரிசி எதில் வருகிறது? உரம் எதில் வருகிறது? சிமெண்ட்? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் காலையில் போய்ப் பாருங்கள், மல்லிகையும் சம்பங்கியும் எதில் கட்டி வந்து இறங்குகிறது என்று. ஒரே சாக்கு அரிசிக்கு வந்து, பிறகு சிமெண்ட் மணல் அள்ளி, கடைசியில் ஆட்டுக்குட்டிக்குப் படுக்கையாகக் கிடக்கும். சணல் சாக்கு நனைந்தால் நாறும், எலி கடித்தால் போச்சு. நான் சணலைக் குறை சொல்லவில்லை. என் சாக்கைக் குறை சொன்னால் சும்மா இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

திருமங்கலம் போகிற வழியில் எங்கள் கம்பெனி. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, அகலப் பாயாக இறக்கி, அதை நாடா நாடாகக் கீறி, சூட்டில் இழுத்துச் சுருட்டுவார்கள். இழுக்க இழுக்கத்தான் நாடாவுக்குப் பலம். அந்த நாடாவை வட்டத் தறியில் ஏற்றினால் குழாய் போலத் துணி வரும். வெட்டித் தைத்தால் சாக்கு. நான் சேர்ந்தது தையல் பிரிவில். இரண்டு வருஷம் சாக்குக்கு அடி தைத்தேன். ஒரு நாள் தையல் விட்டுப்போன சாக்குகளை யாரும் சொல்லாமலே தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதைத் தரச் சோதனை அதிகாரி தங்கவேல் சார் பார்த்தார். மறுநாளே என்னைச் சோதனை அறைக்கு மாற்றினார். என் படிப்பும் பயிற்சியும் அம்புட்டுத்தான்.

தங்கவேல் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாதிரிக்கு வெட்டிய சாக்குத் துணியிலேயே துடைப்பார். கண்ணாடியில் கீறல் விழாத நாளில்லை. "சரி" என்று சொல்ல மாட்டார், "எழுதுங்க" என்பார். மெஷின் ஒரு எண்ணைக் காட்டினாலும் நம்மைப் பார்த்து, "கை என்ன சொல்லுது?" என்று கேட்பார். துணியைக் கசக்கி, இழுத்து, நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுதலாம். கையெழுத்து என்று கிறுக்கினால் அவருக்குப் பிடிக்காது. "பேரை முழுசா எழுதுங்கம்மா. கிறுக்குனா நாளைக்கு நீங்களே அது என்னுதில்லேன்னு சொல்லிருவீங்க" என்பார். அன்றிலிருந்து கஸ்தூரி என்று நாலு எழுத்தும் தெரிய எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

அவருடைய இன்னொரு ஏற்பாடு வெயில் பலகை. பாலிபுரோப்பிலீனுக்கு எதிரி தண்ணீர் இல்லை, வெயில். மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் சாக்கை மாடியில் போட்டால் மூன்று மாதத்தில் கையில் எடுக்கும்போதே உதிரும். அது உதிராமல் இருக்கக் குருணையோடு ஒரு மருந்தைச் சேர்ப்பார்கள். அதற்கு இங்கிலீஷில் பெரிய பெயர் உண்டு, நாங்கள் வெயில் மருந்து என்போம். கட்டில் அகலத்தில் ஒரு பலகை. கம்பெனி மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து, செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்திருக்கும். சாக்குத் துணியிலும் பையைத் தூக்குகிற பட்டையிலும் ஒரு முழ நீளத் துண்டு வெட்டி அதில் ஆணி அடித்து, தேதி எழுதி விடுவோம். மருந்து கொடுக்கிற கம்பெனி மாறினால், புது மருந்து போட்ட துண்டு மூன்று மாதம் அந்தப் பலகையில் காய வேண்டும். அதில் தேறினால்தான் ஜம்போ பைக்கு அந்த மருந்து. இது சார் போட்ட சட்டம். முதலாளியே அதைத் தாண்ட மாட்டார்.

ஜம்போ பை தெரியாதவர்களுக்கு: ஒரு டன் சரக்கு பிடிக்கிற பை, ஆள் உயரம் இருக்கும். நாலு மூலையிலும் தூக்குப் பட்டை தைத்திருக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்புக் கைகளை அந்தப் பட்டைகளுக்குள் விட்டுத் தூக்குவார்கள். பட்டை அறுந்தால் ஒரு டன்னும் கீழே. அதனால்தான் அந்தச் சட்டம்.

அந்த வருஷம் மருந்துக் கம்பெனியை மாற்றினார்கள். பங்குனியில் புதுத் துண்டுகளைப் பலகையில் அடித்தேன். சாருக்கு அப்போது மூட்டுவலி, மாடி ஏற முடியவில்லை. "மாடியை நீங்க பாத்துக்கங்க கஸ்தூரியம்மா" என்று விட்டுவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள், நம்பாமல் என்ன செய்வார்?

சித்திரை பிறந்தது. எங்களுக்கு வற்றல் போடுகிற காலம். அப்போது நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா மாடிச் சாவியைக் கேட்டால் காது கேட்காத மாதிரி போய்விடுவார். சோதனை அறையிலும் தையலிலும் இருந்த பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். கம்பெனி மாடியோ சும்மா கிடக்கிறது. தரையில் காக்காய் எச்சமும் தறித் தூசியும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அகலமான, மழமழப்பான, தரைக்கு மேலே நிற்கிற பலகை ஒன்று என் பொறுப்பில் இருக்கிறதே!

காலையில் செங்கல்லை உருவிப் பலகையைப் படுக்க வைப்பேன். மாதிரித் துண்டுகளில் கூழ் பட்டுவிடக் கூடாது என்று பொறுப்பு வேறு எனக்கு! அதனால் முதலில் நீலத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை விரிப்பேன். அதன் மேல் பழைய வேட்டி. வேட்டி மேல் கரண்டி கரண்டியாகக் கூழ் வற்றல். சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பலகையைப் பழையபடி நிமிர்த்தி வைப்பேன். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, சித்திரை வைகாசி இரண்டு மாதமும் போட்டோம். வெங்காயம் போட்டது, சீரகம் போட்டது, தக்காளி போட்டது. அப்படி ஒரு வற்றல் அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை. மொறுமொறு என்று பொரியும்.

வருஷத்தில் உச்ச வெயில் அடித்த இரண்டு மாதமும் அந்தத் துண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் நிழலில் படுத்துக் கிடந்தன. ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை. வெயில் பார்க்கத்தான் பலகை என்று பத்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆனியில் மூன்று மாதக் கெடு முடிந்தது. துண்டுகளின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மெஷினில் மாட்டினேன். நன்றாக இழுவை தாங்கியது. கையில் கசக்கினேன், ஒரு துளி மாவு உதிரவில்லை. "கை என்ன சொல்லுது?" என்றார் சார். "பழைய மருந்தைவிட நல்லாருக்குன்னு சொல்லுது சார்" என்றேன் பெருமையாக. "எழுதுங்க" என்றார். எழுதினேன். கஸ்தூரி, முழுசாக.

அந்த மருந்து போட்ட ஜம்போ பைகள் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனிக்குப் போயின. அங்கே தீவனத்தில் கலக்கிற சுண்ணாம்பு மாவை நிரப்பித் திறந்தவெளியில் அடுக்கி வைப்பார்கள். அதற்காகத்தான் வெயில் தாங்கும் பை கேட்டு வாங்கினார்கள். புரட்டாசி முடியும்போது ஒரு நாள் காலையில் போன் வந்தது. பை அறுந்து ஒரு சுமைக்காரர் மேல் விழுந்துவிட்டது.

முதலாளி என்னையும் சாரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போதே சொல்லிவிட்டார், "வண்டி ஃபோர்க் பட்டையை வெட்டிருக்கும். அதைப் பாத்து எழுதிக் குடுங்க, போதும்" என்று. நாங்கள் போனபோது அடிபட்ட முனியாண்டியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பை கிழிந்து மாவு வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு.

வண்டி ஓட்டிய அபுதாகிர் வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மதுரை அரண்மனைப் பக்கத்துப் பையன், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். கவனக்குறைவாக வண்டி ஓட்டிய வழக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த சோதனை நோட்டைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டான்.

"அக்கா, நீங்கதான் பை பாக்குறவங்களா? அல்லா மேல ஆணையா மெதுவாத்தாங்க்கா தூக்குனேன். முனியாண்டி அண்ணே எனக்குக் கூடப்பொறந்தவரு மாதிரி. அவரு நிக்கையில நான் வெடுக்குனு தூக்குவனா?"

"ஃபோர்க் வெளிம்பு பட்டையை வெட்டிருச்சுல்ல தம்பி" என்றார் எங்கள் முதலாளி.

"வெளிம்பு எங்கண்ணே இருக்கு? வந்து பாருங்க. சைக்கிள் டியூபை வெட்டி ரெண்டு கையிலயும் சுத்தி வச்சிருக்கேன். பட்டை தேயக்கூடாதுன்னு நானா சுத்துனது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு இரும்புக் கையிலும் ரப்பர் சுற்றியிருந்தது. பழைய ரப்பர், தூசி ஏறி மங்கிப்போனது. இன்று காலை சுற்றியதில்லை என்று யார் பார்த்தாலும் தெரியும். பிறகு அறுந்த பட்டையை எடுத்தேன். வெட்டுப்பட்ட பட்டை என்றால் இழைகள் ஒரே வரிசையாக, பளபளவென்று இருக்கும். இது பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நின்றது. விரலால் தேய்த்தேன், வெள்ளையாக உதிர்ந்தது.

"அது சுண்ணாம்பு மாவு" என்றார் முதலாளி.

இருக்கலாம் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. குழாயடிக்கு எடுத்துப் போய், இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுக் கசக்கினேன். கழுவிய பட்டை என் உள்ளங்கையில் தூள் தூளாக உதிர்ந்தது. பையோடு மடித்துத் தைத்திருந்த உள்பகுதியைப் பிரித்துப் பார்த்தேன். வெயில் படாத அந்த இடம் இரும்பாட்டம் இருந்தது. கை சொல்லிவிட்டது. சார் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

கம்பெனிக்குத் திரும்பியதும் நேரே மாடிக்கு ஓடினேன். எப்படித் தேறியது என்று எனக்குப் புரியவே இல்லை. நான் நடுவில்தான் வெட்டியிருந்தேன், துண்டுகளின் இரண்டு முனையும் ஆணியோடு பலகையிலேயே இருந்தன. ஆனியில் சோதனை முடிந்ததுமே பலகையை மாடிப்படி அறை நிழலில் சாய்த்து வைத்திருந்தேன். ஓரமாக அடித்திருந்த ஒரு பட்டையின் ஒரு முனை மட்டும் வெளுத்திருந்தது. அந்த முனைக்கும் மற்றதுக்கும் நடுவில் நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு பிரிவு. தார்ப்பாய் அந்த இடம் வரைதான் எட்டியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு விரல்கடையைக் கசக்கினேன், உதிர்ந்தது. மூடியிருந்த பக்கத்தைக் கசக்கினேன், அசையவில்லை.

ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பலகை இடுக்கில் காய்ந்த கூழ் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சீரகம் போட்டது.

இனி வழி இரண்டுதான். ஃபோர்க் வெட்டியது என்று எழுதினால் என் வேலை பிழைக்கும், அபுதாகிர் வழக்கைச் சுமப்பான். பட்டை மோசம் என்று எழுதினால், பிறகு மருந்து தேறியது என்று நீ ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். வற்றலைச் சொல்ல வேண்டும். சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார், மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனாலும் அந்தப் பையன் சுற்றி வைத்திருந்த ரப்பர் கண்ணை விட்டுப் போகவில்லை. பட்டை தேயக் கூடாது என்று அவன் தன்பாட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான். கூழ் படக் கூடாது என்று நான் தார்ப்பாய் விரித்திருக்கிறேன். அவன் கவனம் கவனக்குறைவாம், என் கவனத்துக்குச் சம்பளமாம். எந்த ஊர் நியாயம் இது?

கீழே இறங்கி வந்து சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்த மூணு மாசமும் நானும் மாடி ஏறலையேம்மா" என்றார். "நோட்டுல உங்க பேருக்குக் கீழ என் பேரும் இருக்கு. ரெண்டு பேருமே போவோம்."

முதலாளி கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு மேஜையில் அடித்தார்.

"வத்தலா? வத்தல் காயப் போட்டேன்னு ரிப்போர்ட்ல எழுதப் போறியா? ஊரே சிரிக்கும் கஸ்தூரி!"

"சிரிக்கட்டும் சார்."

"ஆர்டர் போகும். ஒரு வத்தலுக்காக இம்புட்டுப் பேரு பொழப்பைக் கெடுப்பியா?"

"இன்னும் எம்புட்டுப் பை அதே மருந்துல வெளிய நிக்குது சார்? அதுல ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு ஆளு நிப்பான். நீங்க போய் நிப்பீங்களா?"

அவர் சாரைப் பார்த்தார். "தங்கவேலு, நீங்களாவது சொல்லுங்க."

சார் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "எழுதுங்க" என்றார்.

எழுதினேன். "புது மருந்து சேர்த்த மாதிரிகளைச் சோதித்த பலகையின் மேல், சித்திரை, வைகாசி மாதங்களில் நான் தார்ப்பாய் விரித்துக் கூழ் வற்றல் காயப்போட்டேன். மாதிரிகளில் வெயில் படவில்லை. பட்டை அறுந்ததற்குக் காரணம் வெயில் தாங்காத சரக்கு. வண்டி ஓட்டியவர் மேல் தவறு இல்லை." கீழே கஸ்தூரி என்று முழுசாக எழுதினேன். அதற்குக் கீழே சார் எழுதினார். மற்ற பெண்கள் பெயரை நான் எழுதவில்லை. பலகையைப் படுக்க வைத்தவள் நான்தானே.

முதலாளி அந்தத் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு, வெளியே நிற்கிற பை எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சொல்லிப் போன் போட்டார். அதற்கு நான் அவருக்கு மரியாதை கொடுப்பேன். என்னை மூன்று மாதம் வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்தார், அதனால் அந்த மரியாதை குறையவில்லை. அதுவும் நியாயந்தான். திரும்பி வந்தபோது பழையபடி தையலில் உட்கார வைத்தார்கள். தறிக்காரப் பயல்கள் நான் போகும்போதெல்லாம் "வத்தலக்கா" என்பார்கள். "ஆமாடா, வத்தலக்காதான். நீ பண்ணுன தப்பை இப்படி எழுதி, கையெழுத்துப் போட்டுருவியா?" என்று ஒரு நாள் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு கூப்பிட்டார்கள், ஆனால் அந்தக் கேலி இல்லை.

அபுதாகிர் மேல் வழக்குப் போடவில்லை. அந்தத் தீவனக் கம்பெனியிலேயே வேலையும் நிலைத்தது.

முனியாண்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, போகாதே என்றுதான் வீட்டில் சொன்னார்கள். இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார்.

"எம் பேரு கஸ்தூரிண்ணே. அந்தப் பைக்குக் கையெழுத்துப் போட்டவ" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அபுதாகிர் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தான்.

"நீங்க உள்ளதைச் சொன்னதுனால என் காலு மொளைச்சுருமா?"

"மொளைக்காதுண்ணே."

"பெறகு எதுக்கு வந்தீக?"

"அந்தத் தம்பி மேல பழி போயிறக் கூடாதுன்னு சொன்னேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் எழுந்தேன். அப்போது முகத்தைத் திருப்பாமலே கேட்டார், "வத்தல் நல்லாக் காஞ்சுச்சா?"

முப்பத்தொரு வருஷத்தில் எவ்வளவோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், பதிலுக்குப் பதில் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு படி இறங்கினேன். அந்த வருஷத்தோடு வற்றல் போடுவதை நிறுத்தினேன். மிச்சம் இருந்ததையும் கொட்டிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து என்னைத் திரும்பச் சோதனை அறைக்கு எடுத்தார்கள். இரக்கப்பட்டு இல்லை. தீவனக் கம்பெனிக்காரர்கள், "தன் தப்பை எழுதிக் குடுத்துச்சே அந்தம்மா, அது கையெழுத்துப் போட்டாத்தான் பை இறக்குவோம்" என்று சொல்லிவிட்டார்களாம். முதலாளி வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். நான் நிமிர்ந்துதான் உள்ளே போனேன்.

அங்கே முனியாண்டிக்குக் களத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். தூக்குவதற்கு முன் ஒவ்வொரு பையின் பட்டையையும் அவர் கசக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கை வைக்காத பையை அபுதாகிர் தொடக்கூட மாட்டான். ஒரு தடவை நான் தேற்றி அனுப்பிய லோடு முழுவதையும் முனியாண்டி இறக்க விடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோதனை நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் நின்றேன்.

"எல்லாம் பாத்துத்தானண்ணே அனுப்பிருக்கேன். எம் பேரு முழுசா இருக்குல்ல?"

"அதுக்குத்தான் ரெண்டாந்தடவை பாக்குறேன்" என்றார்.

காலை முழுக்கப் பார்த்தார். ஒரு பைக்கு நாலு பட்டை, ஒன்றுகூட விடவில்லை. நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கடைசியில், "நல்லாருக்கு. இறக்குடா" என்று அபுதாகிரிடம் சொன்னார். அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, என் பெயர் போட்ட லோடு வந்தால் மட்டும் அவர் இரண்டு தடவை பார்த்தார். எனக்கு அதில் அவமானம் இல்லை. அவர் கையை மீறி என் பை ஒன்று போயிருந்தால்தான் அவமானம். ஒன்றும் போகவில்லை.

இப்போது கம்பெனியில் வெயிலைப் பெட்டிக்குள்ளேயே அடிக்கிற மெஷின் வந்துவிட்டது. நல்ல மெஷின்தான், அதற்குள் யாரும் வற்றல் காயப்போட முடியாது. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வையும் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். விளக்கு வேண்டாம், பலகையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். இப்போது சொந்த வீடு, சொந்த மாடி, சாவி என் இடுப்பில். பலகை தெற்குப் பார்த்து நிற்கிறது. எந்தக் கடைச் சாக்கு வந்தாலும் ஒரு துண்டு வெட்டி அடித்துத் தேதி எழுதுகிறேன். அந்தக் கல்லூரிப் பிள்ளை கொடுத்த துணிப்பையிலும் ஒரு துண்டு அடித்திருக்கிறேன். அதுவும் தேறட்டும், பார்ப்போம்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு இதுதான் என் பதில். பிளாஸ்டிக் செய்ததற்கு எனக்கு வருத்தம் கிடையாது. பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்துக்கு உண்டு. அது நான் சாகிற வரை இருக்கும், இருக்க வேண்டியதுதான்.

இந்தச் சித்திரையில் அபுதாகிர் வீட்டுக்கு வந்திருந்தான். மகளுக்கு நிக்காஹ் பத்திரிகை வைக்க. காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது சொன்னான்.

"அக்கா, முனியாண்டி அண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நீங்க வத்தல் போட்டா அவருக்குக் கொஞ்சம் குடுத்து விடணுமாம். சீரகம் போட்டதா இருந்தா நல்லதாம்."

நான் அவனை உட்காரச் சொன்னேனா, அனுப்பி வைத்தேனா, எதுவும் நினைவில்லை. மறுநாள் அரிசி ஊறப்போட்டேன். மாடித் தரையைக் கழுவி, பலகை மேல் நிழல் விழாத தூரத்தில் வேட்டி விரித்து ஊற்றினேன். நாலு நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து காக்காய் ஓட்டினேன். காய்ந்ததும் ஒரு சின்னச் சாக்கு தைத்து, அதில் கொட்டி, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினேன். மேலே கஸ்தூரி என்று முழுசாக எழுதி அபுதாகிரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இரண்டு தடவை பார்த்துவிட்டே சாப்பிடட்டும்.